ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

பதினான்கு மாடிக் கட்டிடத்தின் குப்பைக் குழாயில் பதினைந்து கதவுகள் இருந்தன. அதைக் கண்டுபிடித்தவள், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை போனதும் கைக்கு வந்த தொகையை ஒரு வெந்நீர் இயந்திரத்திலும் சுழலும் பிரஷிலும் போட்டு, குப்பைக் குழாய் கழுவும் தொழில் தொடங்கியிருந்தவள். கணவன் மொட்டைமாடியிலிருந்து பிரஷைக் கயிற்றில் இறக்குவான். அவள் மாடி மாடியாகக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். அன்று எட்டாம் மாடியில் தலையை உள்ளே விட்டபோது, சற்றுக் கீழே இன்னொரு கதவு திறந்து, மாவு படிந்த கை ஒன்று நீண்டது.

“தண்ணிய மெதுவா விடுங்கம்மா. இப்பத்தான் புள்ள தூங்குச்சு.”

எந்த மாடி என்று கேட்டாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் என்று பதில் வந்தது. படியிறங்கிப் பார்த்தால் அங்கே வெறும் சுவர்.

கட்டிடச் சங்கச் செயலாளரும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களுக்குக் குழாய் எதற்கு, தகடு வைத்து அடைத்துவிடு என்றார். இல்லாவிட்டால் இந்தக் கட்டிடமும், அவர் சிபாரிசில் கிடைத்த மற்ற மூன்றும் கிடையாது. அவளிடம் இருந்ததே அந்த நான்குதான். நமக்கெதற்கு வம்பு என்றான் கணவன். அவளும் தகடோடுதான் போனாள். எட்டாம் மாடிக் கதவில் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். கீழே பாத்திரச் சத்தம் நின்றது.

“அப்போ குப்பைய நாங்க எங்கம்மா போடுறது?”

கெஞ்சியிருந்தால்கூட மனதைக் கல்லாக்கிக்கொண்டிருப்பாள். தகட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். நான்கு கட்டிடமும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. கணவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் போன் அடித்தது; பேசியது அதே நடுமாடிக் குரல். நடுமாடிக்காரர்களுக்கு ஊர் முழுக்கச் சொந்தபந்தம். ஒரு கட்டிடத்தில் சின்னம்மா வீடு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், இன்னொன்றில் அண்ணன் வீடு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். முழுக் குழாய்க்கும் கூலியை அவர்களே கொடுத்தார்கள். பிரஷ் மேலே வரும்போது அதில் ஓர் உறை கட்டியிருக்கும். இலவசமாகக் கழுவுகிறோம் என்றால் எந்தச் செயலாளரும் ஏன் என்று கேட்பதில்லை. நாற்றம் போனதும் மற்ற மாடிக்காரர்களும் தாங்களாகவே பணம் கொடுக்க முன்வந்தார்கள். மூன்று வருடத்தில் ஆறு இயந்திரம், இருபத்திரண்டு ஆட்கள். கணவன் இஸ்திரி போட்ட சட்டையோடு மொட்டைமாடி ஏறினான்.

அந்தப் பதினான்கு மாடிக் கட்டிடச் செயலாளரின் வீட்டு வரவேற்பறைவரை நாற்றம் ஏறிய பிறகு அவரே கூப்பிட்டார். அந்தக் கதவு இருக்கும், சம்மதமா என்று கேட்டாள். “இருந்துட்டுப் போகட்டும்மா” என்றார்.

அந்த வருடப் பொதுக்கூட்ட அழைப்பைக் குழாய் வழியாகப் போட்டார்கள். நடுமாடியிலிருந்து ஐந்து பேர் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். எப்படி வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார்கள். எட்டாம் மாடிக்காரர்கள் மறுநாளே நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் வாங்கி மாட்டினார்கள்.