பன்னிரண்டு எழுத்துத் திருடன்

சந்தேகம் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. கை எந்த வேலை செய்தாலும் நாக்கு அங்கேயே போய் நிற்கும். அந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கு அந்த இரண்டு வாரமும் அப்படித்தான் ஓடியது. ஒருத்தி அண்ணி. இன்னொருத்தி அவள் நாத்தனார். முப்பத்தாறு வயசாகியும் அவளுக்கு வீட்டில் சின்னவள் என்றுதான் பேர். வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்று, ரெண்டே மாசத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அந்த ரெண்டு மாசம் எட்டு மாசமாகியிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாததுதான் அவளுக்குக் குத்தியது.

கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. ஒரு கண் மருத்துவமனைக்கு வீட்டிலிருந்தபடியே முன்பதிவு எடுக்கும் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. நோயாளிகளின் அழைப்பு கணினி வழியாக வரும். பேசிக்கொண்டே நாளும் நேரமும் பதியவேண்டும். இரண்டு வாரம் சோதனைக் காலம். அதில் ஒரு விதி: ஒரே நாளில் மூன்று தடவை இணைப்பு அறுந்தால் அன்றோடு வேலை முடிந்தது. காரணம் கேட்கமாட்டார்கள்.

கணினி, அண்ணன் ஆபீசில் கழித்துக் கட்டிய பழைய மடிக்கணினி. அதில் காசு கேட்காத லினக்ஸ் இயங்குதளத்தைச் சின்னவளே ஏற்றியிருந்தாள். உள்ளே இருந்த வைஃபை செத்துப்போனதால், கட்டைவிரல் நகம் அளவில் ஒரு அடாப்டர் வாங்கிப் பக்கவாட்டில் செருகியிருந்தாள். அதை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருளைத் தேடி, நாலு தடவை தப்பாக ஏற்றி, அஞ்சாவது தடவை அந்தப் பச்சை விளக்கு எரிந்தபோது அவள் பட்ட சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் கண்ணுகளா. குழந்தைக்கு முதல் பல் முளைத்த மாதிரி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்தப் பச்சை விளக்குதான் இப்போது அவளை ஏமாற்றியது.

சோதனைக் காலத்தின் முதல் நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு விளக்கு அணைந்தது. அரை நிமிஷத்தில் தானாகவே எரிந்தது. ஆனால் மறுபடி உள்ளே நுழைந்து கடவுச்சொல் போட்டு உட்கார இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. கணக்கில் ஒன்று. ஐந்து மணிக்கு மறுபடியும். கணக்கில் இரண்டு. மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு.

முதலில் அவள் அடாப்டரைத்தான் சந்தேகப்பட்டாள். பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினாள். பிறகு டிரைவரைச் சந்தேகப்பட்டு அழித்து மறுபடி ஏற்றினாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அடாப்டர் தூங்கப் போய்விடுமாம், அதையும் நிறுத்திப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் கணினி தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளைத் திறந்து படித்தாள். அடாப்டர் தானாக விலகினால், ‘என் விருப்பத்தில் விலகினேன்’ என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் அங்கே இருக்கும். அந்தச் சொல் இல்லை. வீட்டுக்கு நெட் கொடுக்கும் ரௌட்டர்தான் அதை வெளியே தள்ளியிருக்கிறது.

அந்த வரியைப் படித்துவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

ரௌட்டர் கூடத்தில் அலமாரிக்கு மேலே இருந்தது. அதை ஆட்டுவிக்கும் செயலி ஒரே ஒருத்தர் போனில்தான் இருந்தது. அண்ணி போனில். மூன்று வாரத்துக்கு முன்னால், நெட் ஆமை மாதிரி நகருகிறது என்று அண்ணனே அதை ஏற்றிக் கொடுத்தார். சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

“இனிமே உங்க அண்ணிக்குத் தெரியாம ஒரு ஈ எறும்பு நுழைய முடியாது. யாரு வர்றா, யாரு போறா, எல்லாம் காட்டும்.”

“எனக்கு ஃபேக்டரில பாக்கறது போதாதா?” என்றாள் அண்ணி. ஆனால் போனைக் கீழே வைக்கவில்லை.

அண்ணி ஒரு துணி ஃபேக்டரியில் வாசல் கண்காணிப்பாளர். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ளே போய் வெளியே வருவார்கள். அட்டை இல்லாதவன் முதலாளியின் மருமகனாக இருந்தாலும் நிற்கவேண்டியதுதான். யார், எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். வேலை நேரத்தில் அவள் போனும் வாசல் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். இரண்டு மணிக்கு எடுப்பாள். இரண்டரைக்கு வீடு.

இரண்டரைக்கு அண்ணி வருகிறாள். இரண்டே முக்காலுக்கு விளக்கு அணைகிறது.

போதாதா? காற்றில்லாமல் இலை ஆடுமா என்று மனசு கேட்க ஆரம்பித்துவிட்டது. அண்ணி டம்ளரை வைக்கிற சத்தத்தில் அர்த்தம் தெரிந்தது. “வேலை எப்படிம்மா போகுது?” என்று கேட்டால் அதில் ஒரு முள் தெரிந்தது. அண்ணியும் ஏதோ ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். அறை வாசலில் வந்து நிற்பாள், கணினியைப் பார்ப்பாள், தன் போனைப் பார்ப்பாள், திரும்பிப் போய்விடுவாள்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை சின்னவள் ஒரு சோதனை செய்தாள். ஒரு பென்டிரைவில் புத்தம்புது லினக்ஸை ஏற்றி, தன் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கினாள். பழுது தன் டிஸ்க்கில் இருந்தால் இதில் வராது. அடாப்டரில் இருந்தால் இதிலும் வரும். நல்ல சோதனைதான். காலையிலிருந்து மாலை ஆறு வரை ஒரு தடவைகூட அறுக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அண்ணிக்கு ஓவர்டைம். எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அச்சகத்தில் இருந்தபோது புதுப் பையன்களுக்குச் சின்னவள் ஒரு பாடம் சொல்லுவாள்: மையையும் காகிதத்தையும் ஒரே நேரத்தில் மாத்தாதே, அப்புறம் கறை எதனாலன்னு தெரியாது. சொன்னவளே மறந்தாள். பென்டிரைவை அவள் யோசிக்கவே இல்லை. அண்ணி இல்லை, அதனால் அறுக்கவில்லை. தீர்ந்தது வழக்கு. வியாழக்கிழமை பழையபடி தன் டிஸ்க்குக்குத் திரும்பினாள். அண்ணியும் இரண்டரைக்கு வந்தாள். இரண்டு தடவை அறுந்தது. தீர்ப்பில் முத்திரையும் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். ஒரு தாளில் நேரம் குறித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். 2.41, ஒன்று. 4.06, இரண்டு. இன்னும் ஒன்று விழுந்தால் எட்டு மாசம் பன்னிரண்டு மாசமாகும்.

நாலு பத்துக்கு அவளுக்குப் பத்து நிமிஷ இடைவேளை. தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்ன பேசவேண்டும் என்று மூன்று நாளாக மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ‘நான் பாரம்னா நேரா சொல்லிடுங்க அண்ணி, இப்படிக் கழுத்தை அறுக்காதீங்க.’ அதுதான் முதல் வரி.

அண்ணி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கையில் போன். மேடைமேல் திறந்த நோட்டு. காதில் பேனா.

“அண்ணி.”

அண்ணி திரும்பினாள். உதட்டில் விரலை வைத்தாள்.

“சத்தம் போடாதே. இப்பதான் மறுபடி உள்ள வந்திருக்கான்.”

“யாரு?”

“திருடன். பக்கத்து வீட்டுலேர்ந்துதான், எனக்கு நிச்சயமா தெரியும். நம்ம நெட்டை உறிஞ்சறான். தினமும் வெளிய தள்றேன், தினமும் புது வேஷத்துல வர்றான். எவ்வளவு பெரிய எம்டனா இருந்தாலும் என்கிட்ட நடக்குமா? பாரு, இத்தோட இருபத்தி ஒண்ணு பிடிச்சிருக்கேன்.” விரல் திரைக்கு மேலே போனது. “இதோ, இருபத்தி ரெண்டு.”

சின்னவள் கண் நோட்டில் விழுந்தது. கடைசி இரண்டு வரி. மணி 2.41. மணி 4.06.

“அண்ணி, கையை எடுங்க.”

“ஏன்?”

“எடுங்க அண்ணி. உங்களைக் கும்பிடறேன். அதை மட்டும் அமுக்காதீங்க.”

அண்ணி கையை எடுத்தாள். எடுத்தாளே தவிர, கண் சுருங்கியது. ஃபேக்டரி வாசலில் ஒருத்தன் பையைத் திறக்கத் தயங்கினால் சுருங்குமே, அந்தச் சுருக்கம்.

சின்னவள் அவளைக் கைபிடித்து அறைக்குக் கூட்டிவந்தாள். கருப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினாள்.

கேளுங்கள், இங்கே ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு அடையாள எண் உண்டு. ரௌட்டர் அதைப் பார்த்துத்தான் ஆளை அறியும். ஒரு எண்ணை வெளியே தள்ளிவிட்டால் அந்த எண் மறுபடி உள்ளே வர முடியாது. அண்ணி கழுத்தில் தொங்குகிற ஃபேக்டரி அட்டை மாதிரி.

“உள்ள வந்திருக்கான்னீங்களே, அவன் எண் என்ன? படிங்க.”

அண்ணி போனைப் பார்த்துப் படித்தாள். “எட்டு, ரெண்டு. ஏ, ஆறு...” படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. பன்னிரண்டாவது எழுத்து வரும்போது அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் அதே எண்.

“இது நீயா?” என்றாள் அண்ணி.

“நான்தான்.”

“அப்ப இதெல்லாம்?” நோட்டைப் புரட்டினாள்.

“நானாத்தான் இருக்கும்.”

“உனக்கு எதுக்கும்மா இருபத்தோரு வேஷம்?”

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அண்ணன் செயலியைப் பற்றிப் பெருமை பேசிய அன்றைக்கே, சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, சின்னவள் தன் கணினியில் ஒரு இடத்தில் போய் ஒரு தெரிவை மாற்றியிருந்தாள். ஒவ்வொரு தடவை இணையும்போதும் பொய்யாகப் புது எண் ஒன்றைச் சொல்லும்படி. யாரும் தன்னைப் பின்தொடரக்கூடாது என்று இருக்கிற வசதி அது. அவள் வாடகைக்கு அறை தேடிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். மாற்றியதையே அப்புறம் மறந்துபோனாள். பென்டிரைவில் இருந்த புது லினக்ஸுக்கு அந்த மாற்றம் தெரியாது. அது உண்மை எண்ணைச் சொன்னது, பேசாமல் ஓடியது.

“நீங்க பாப்பீங்கன்னு நெனச்சேன் அண்ணி. நான் வாடகைக்கு அறை தேடறதை.”

அண்ணி நோட்டை மூடினாள்.

“நான் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் பையைத் திறந்து பாக்கறவ. வீட்டுக்கு வந்தா என் பையையே திறக்கப் பிடிக்கறதில்ல. உன் பையையா திறப்பேன்?”

அண்ணி நோட்டை மேசைமேல் வைத்தாள்.

“நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. இந்த ஆப் வந்த முதல் நாளே உன் கம்ப்யூட்டர் எண்ணுக்குப் பேர் போட்டு வச்சிருந்தேன். நீ பாட்டுக்கு உக்காந்து வேலை செய்யறே, ஆனா லிஸ்ட்டுல உன் பேர் நெட்டுலயே இல்லாத மாதிரி சாம்பலாக் கெடக்கு. அப்ப நீ யாரோட நெட்டுல இருக்கேன்னு யோசிச்சேன். பக்கத்து வீட்டுக்காரனுது திருடறியோன்னு...”

“நான் திருடி, அவன் திருடி?”

“ஆமா. அவனுது நீ, நம்முது அவன். பண்டமாற்று.” அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்கண்ணன்கிட்ட சொல்லி உன்னைக் கேக்கச் சொல்லலாம்னு இருந்தேன். மனசு வரலை.”

கணினி மணி அடித்தது. இடைவேளை முடிந்தது.

“சரி, உடனே உண்மை எண்ணுக்கு மாத்திடு.”

“இப்ப முடியாது. மாத்தினா ஒரு தடவை அறுந்துதான் சேரும். அது மூணாவது.”

அண்ணி யோசித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு போனில் அந்தப் பன்னிரண்டு எழுத்துக்குப் பக்கத்தில் ‘விருந்தாளி’ என்று தட்டினாள். “எங்க வாசல்ல அட்டை இல்லாம அவசரமா வந்தா இப்படித்தான் சீட்டு குடுப்போம். ஆறு மணி வரைக்கும் இந்த ஆளு என் பொறுப்பு. நீ போய்ப் பேசு.”

ஒரு நாற்காலியை இழுத்து அலமாரிக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் ஐந்தரைக்கு ஆபீசிலிருந்து வந்தார். டிவி போடப்போனார், போடக்கூடாது என்றாள். செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தத்துக்குக்கூட முறைத்தாள். ரௌட்டருக்குக் கேட்கும் என்று நினைத்தாளோ என்னமோ. அவர் பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குளிக்கப் போனால் அவருக்கு முக்கால் மணி நேரம். அது ஊரறிந்தது.

சின்னவள் ஆறு மணிக்குள் பத்தொன்பது பேருக்குக் கண் பரிசோதனை நாள் பதிந்தாள். ஒவ்வொரு அழைப்புக்கு நடுவிலும் கண் பக்கவாட்டுக்குப் போனது. பச்சை விளக்கு அசையவில்லை. ஆறு மணிக்கு மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் வரவும். இணைப்பைச் சரிசெய்துகொள்ளவும்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை அண்ணி அவள் தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

“வழக்கம்போல்னா?”

“வேலை இருக்குன்னு அர்த்தம் அண்ணி.”

“அதை அப்படியே எழுதினா என்னவாம்?” என்றாள் அண்ணி. ஆனால் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

தெரிவை மாற்றியதும் விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்தது. அண்ணி போனில் ‘விருந்தாளி’ மறைந்தான். மூன்று வாரமாகச் சாம்பலாய்க் கிடந்த ‘சின்னவள்’ பச்சையானாள்.

“அறை கிடைச்சுதா?” என்றாள் அண்ணி, போனைப் பார்த்தபடியே.

“இன்னும் இல்ல.”

“மெதுவா பாரு. காத்தோட்டமா பாரு.”

பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்கைத் தீர்த்தார்கள். அண்ணி நோட்டிலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, சின்னவள் கணினியின் குறிப்பில் தேடி “நான்” என்றாள். நான், நான், நான். வேலை தொடங்குவதற்கு முன்னால் அவள் கவனிக்காமல் விட்ட இரண்டும் சேர்த்து இருபது எண் அவள்தான். ஒன்று மட்டும் எங்கேயும் இல்லை.

“போன செவ்வாக்கிழமை, சாயங்காலம் ஆறே கால்,” என்று படித்தாள் அண்ணி.

“ஆறு மணிக்கே நான் மூடிட்டேனே.”

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள். அப்போதுதான் குளியலறைக் கதவு திறந்து அண்ணன் வந்தார். தலை நனையவில்லை. துண்டுக்குள் பலகை மாதிரி ஒரு டேப்லெட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தார்.

“என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்லண்ணா. செவ்வாக்கிழமை சாயங்காலம் ஒரு திருடனை அண்ணி நெட்டுலேர்ந்து வெளிய தள்ளியிருக்காங்க. அது யாருன்னு பாக்கறோம்.”

“செவ்வாக்கிழமையா?” என்றார் அண்ணன். “அதான் அன்னிலேர்ந்து மேட்சே தெரியலையா?”

அண்ணி காதிலிருந்து பேனாவை எடுத்து நோட்டைத் திறந்தாள்.