வால்வுக்காரர் வயிறு திறந்த நாள்

வால்வுக்காரருக்கு மலச்சிக்கல் கண்ட நாளிலிருந்து ஊரில் ஒரு குழாயிலும் தண்ணீர் விழவில்லை. மேல்நிலைத் தொட்டி வற்றவில்லை, நிரம்பித்தான் இருந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வாய்வரை வந்து, கண்ணாடிக் குமிழ்போலப் பிதுங்கி, அப்படியே நின்றது. தொட்டால் விரல் நனைந்தது. விழ மட்டும் மறுத்தது. வாளியில் மொண்டு ஊற்றினால் ஒழுங்காக விழுந்தது; ஏதாவது ஒரு குழாய்க்குள் நுழைந்துவிட்டால்தான் அசைய மாட்டேன் என்றது. ஆஸ்பத்திரியில் சலைன் சொட்டுகளும் பாதி வழியில் நின்றன. நர்ஸுகள் சிரிஞ்சில் இழுத்து இழுத்துக் கையால் ஏற்றினார்கள்; அவர்களுடைய கட்டை விரல்கள் வீங்கிப்போயின.

ஊரின் பெரிய வால்வைக் காலையும் மாலையும் திறந்து மூடியவர் அவர்தான். தொட்டி ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் முறிந்து, ஆண்கள் வார்டில் சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வலி மாத்திரை குடலைக் கட்டிவிட்டது. குழாய்களுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை முதலில் யாரும் கவனிக்கவில்லை. பொறியாளர்கள் தெருவைத் தோண்டிப் பார்த்து, தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டார்கள். பிறகு ஒரு காலை அவருக்குக் கொஞ்சம் காற்றுப் பிரிந்தது. அதே நொடியில் ஊரிலிருந்த குழாய்கள் எல்லாம் ஒரு முறை செருமின. அதற்குப் பிறகு யாரும் தோண்டவில்லை. அவருடைய சம்சாரம் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள்: "ஊரையே திறந்து விட்டீங்க. இப்ப உங்களத் திறக்க ஆள் தேட வேண்டியிருக்கு."

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், குழல் வைத்துக் கேட்டார். குடல் முறுக்கிக்கொள்ளவில்லை, மலம்தான் இறுகியிருக்கிறது, எனிமா கொடுத்தால் போதும் என்றார். ஆனால் இன்னும் ஒரு நாள் தள்ளினால் குடல் கிழியலாம் என்றும் சொன்னார். வார்டு நர்ஸ் எனிமா கேனை டிரிப் ஸ்டாண்டில் மாட்டினார். தண்ணீர் ரப்பர் குழாயின் நுனிவரை வந்து நின்றது. வாசலில் வால்வுக்காரருடன் வேலை பார்த்தவர்கள் கூடியிருந்தார்கள். தண்ணீர்த் துறைக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: வரவில்லையா, தொட்டியை உயர்த்து. அவர்கள் நர்ஸ் சொன்னதைக் காதில் வாங்காமல், ஸ்டாண்டை மேசைமேல் ஏற்றினார்கள். பிறகு மேசைமேல் நாற்காலி. கடைசியில் நீளமான ரப்பர் குழாயை இணைத்து, கேனைக் கூரைத் துளை வழியாக மொட்டை மாடிக்கே கொண்டுபோனார்கள். குழாய் எலி விழுங்கிய பாம்பாக வீங்கியது. நுனி கிட்டே வரும்போதெல்லாம் வால்வுக்காரர் பல்லைக் கடித்து உடம்பை இரும்பாக்கிக்கொண்டார்.

அவருடைய மருமகள் அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அதுவரை அவள் உள்ளே வரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனார் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடச் சொல்ல வேண்டுமானாலும் சம்சாரம் வழியாகத்தான். டாக்டர் சொன்ன கெடு காதுக்கு எட்டியதும் வந்தாள். கூட்டத்தை வெளியே அனுப்பினாள், கேனை இறக்கினாள், குழாயைப் பழைய நீளத்துக்குக் குறைத்தாள், மறைப்புத் திரையை இழுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரைத் தன் மணிக்கட்டின் உட்புறம் ஊற்றிப் பார்த்தாள். குழாய் நுனியில் குமிழ் நின்றது. உள்ளே காற்று இல்லை என்று அதுவே சொன்னது. மாமனார் திரைக்கு வெளியே நின்ற சம்சாரத்திடம், வேறு ஆளை வரச் சொல் என்றார்.

"வெக்கம் ரெண்டு பேருக்கும்தான் மாமா. இடது பக்கமா, சுவரப் பார்த்துப் படுங்க. மூஞ்சியப் பார்க்க வேண்டியதில்ல."

அவர் படுத்தார். வலது முழங்காலை மடக்கி வைத்தாள், முறிந்த தோளுக்குத் தலையணை கொடுத்தாள், இடுப்புவரை துணியால் மூடினாள். நுனியில் வாசலின் தடவி, வாயால் மூச்சு விடச் சொல்லி, தொப்புள் இருக்கும் திசையில் மெல்லச் செலுத்தினாள். தடுத்த இடத்தில் தள்ளவில்லை, காத்திருந்தாள். அப்போது அவர் சுவரைப் பார்த்தபடி முதன்முதலாக அவளிடம் பேசினார்.

"எவ்வளவு உசரத்துல வச்சிருக்க?"

"கட்டில்லேர்ந்து ஒரு முழம். அதுக்கு மேல ஏத்த மாட்டேன்."

"வால்வு?"

"கால்வாசி. வலிச்சாச் சொல்லுங்க, மூடிடறேன்."

"எடுத்ததும் முழுசாத் திறந்தா பைப் வெடிச்சிரும்."

"எத்தன வெடிச்சிருக்கு மாமா?"

அவர் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். எண்ணுகையில் உடம்பு தளர்ந்தது. கேனில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. ஊரில் அன்று குழாய் வழியாக முதலில் நகர்ந்த தண்ணீர் அதுதான். நடுவில் வயிற்றைப் பிடித்தது. அவள் உடனே மூடி, பிடிப்பு விடும்வரை நின்று, மறுபடி திறந்தாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். அடக்கிப் பிடிப்பதுதானே என் தொழில் என்றார். சுவருக்குள் குழாய்கள் முனகின. தெருவில் நின்றவர்கள் வாளியைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தார்கள்.

"வருதும்மா," என்றார்.

வந்தது. சலைன் பாட்டில்களில் சொட்டு விழுந்தது, குமிழோடு நின்ற குழாய்களெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டின, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடி வந்து குழாயடியில் தலையை நீட்டினார்கள், சலவைக்காரர்கள் மடித்து வைத்த துணியையும் உதறி நனைத்தார்கள், தீயணைப்பு வண்டி பற்றாத கட்டடங்களுக்கெல்லாம் நீர் பீய்ச்சியது, தண்ணீர்த் துறைக்காரர்கள் நனைந்தபடி சங்கை ஊதிக்கொண்டே இருந்தார்கள். மருமகள் அவரைத் துடைத்துப் புரட்டிப் போட்டு, நாடி பார்த்து, நல்லாப் போயிருக்கு மாமா என்றாள். பிறகு வார்டுக் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள். சம்சாரம் திரைக்கு வெளியிலிருந்து கேட்டாள்: "ஊருக்கே தெரியற மாதிரிதான் போகணுமா?"

தோள் கூடி, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது. அவர் காலையில் போகும் நேரம்தான் ஊரில் தண்ணீர் வரும் நேரம். பள்ளிக்கூடமும் பட்டறையும் தங்கள் நேரத்தை அதற்குத் தக்க மாற்றிக்கொண்டன. மருமகள் அவர் தட்டில் கீரையும் பழமும் வைத்து, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே சாப்பிட வைக்கிறாள். சில நாள் தாமதமாகும். குழாயடியில் நிற்பவர்கள் கோபப்படுவதில்லை. மனுஷன் நிதானமாப் போகட்டும் என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள்.