சுரண்டாமல் விட்ட சுவர்

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. எண்ணூறு வருடக் கட்டடம், கூரையெல்லாம் ஒழுகல். அரசாங்கம் அதைப் புராதனச் சின்னமாகப் பதிந்துகொண்டால் புதுக் கூரை போட்டுத் தரும். இல்லையென்றால் அடுத்த பனிக்காலத்தில் அது எங்கள் தலையில்தான் விழும்.

பார்வையிட திஜோன் நகர அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வருவதாகக் கடிதம் வந்ததும் மேயர் தெஸ்யே ஊரைக் கூட்டினார். ரோமனெஸ்க் என்ற அந்தப் பழைய பாணிக் கோயில் என்றால் வெறும் கல்தானாம், தபால் அட்டைகளில் அப்படித்தானாம். உள்சுவர்களின் சுண்ணாம்பு முழுவதையும் பெயர்த்துவிடச் சொன்னார். மூன்று சனிக்கிழமை ஊரே உளியோடு பாடுபட்டது. பீடத்துக்குப் பின்னாலுள்ள அரைவட்டச் சுவர் என் பங்கு. வெள்ளைக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக ஏதோ தெரிந்தது. பாசி என்று நினைத்து இன்னும் அழுத்திச் சுரண்டினேன்.

ஃபிர்மின் மட்டும் தன் பங்கில் நின்ற பாவமன்னிப்புக் கூண்டை நகர்த்தவேயில்லை.

"ஏன்டா, அதுக்குப் பின்னாடி யாரு சுரண்டுவா?"

"அங்க யாரு எட்டிப் பாக்கப் போறா? என் இடுப்பு புடிச்சுக்கிட்டா நீயா வந்து தேய்ச்சு விடுவ?"

சோம்பேறி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அம்மாள் வந்தார். உள்ளே நுழைந்ததும் சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேயருக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாள் ஒரு பழைய பாதிரியாரின் குறிப்பை எடுத்துக் காட்டினார். சுண்ணாம்புக்கு அடியில், கோயில் கட்டிய காலத்து ஓவியங்கள் இருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. அவற்றுக்காகத்தான் வந்தாராம்.

"அந்தப் பூச்செல்லாம் எங்க?"

நான்தான் சொன்னேன். "வெளிய குழியில கொட்டிச் சமப்படுத்திட்டோம்மா. நீங்க காரை நிறுத்தியிருக்கிறதே அதுமேலதான்."

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. அப்போதுதான் சுரண்டாத அந்த ஒரே இடம் எனக்கு நினைவுக்கு வந்தது. கடைசியில் நான்கு பேர் சேர்ந்து ஃபிர்மினின் கூண்டை இழுத்தோம். பின்னால் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அம்மாள் ஒரு சிறு கத்தியால் பொறுமையாக நீக்க, கையில் சொர்க்கத்தின் சாவியோடு புனித பேதுரு ஓவியமாக வெளிப்பட்டார்.

அந்த ஒரு பேதுருவால் கூரை வந்தது. ஃபிர்மின் இப்போது வாசலில் நின்று, பழமையைக் காப்பது பற்றி வந்தவர்களுக்கு விளக்கம் சொல்கிறான்.

அவர்கள் பேதுருவைப் பார்த்து முடித்ததும் என் சுவர் பக்கம் திரும்புவார்கள். வெறும் கல் எத்தனை அழகு, அந்தக் காலத்து எளிமையே எளிமை என்பார்கள். நான் நன்றி சொல்லிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறேன்.