நாற்பது லோட் கிறவல்

நான் அமெரிக்காவைப் பற்றித்தான் பேசினேன். இந்த ஐந்து நாட்களில் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் என் கணவரும் ஒருவர்.

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிப்பிக்கிறேன். தற்காலிக விரிவுரையாளர்தான். என் கணவர் சிவதர்ஷன் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் பிரதேச சபையின் றோட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கிறார். பதினொரு வருடமாக அமைய ஊழியர், அதாவது வேலைக்குப் போன நாளுக்கு மட்டும் சம்பளம். வருகிற மாதம் அவருக்கு நாற்பத்தைந்து வயது முடிகிறது. அதற்குமுன் நிரந்தர நியமனம் வராவிட்டால் பிறகு வரவே வராது. கடிதம் சபைத் தலைவரான தவிசாளரின் மேசையில் கிடக்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சாமி கும்பிட்டதெல்லாம் அந்த மேசையை நினைத்துத்தான்.

தவிசாளர் நல்லரத்தினத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால், சபை லொறியில் கொட்டகைத் தகரமும் கதிரைகளும் வந்து இறங்கிய பிறகுதான் சொந்தக்காரர்களே வந்து சேருவார்கள். யாருடைய பிள்ளையையாவது பொலிஸ் பிடித்தால் முதல் அழைப்பு அவருக்குத்தான். வேலை கேட்டுப் போகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பமாட்டார். எந்த வீட்டில் எத்தனை வாக்கு, அது யாருக்கு விழும் என்பதைக் கடுதாசி பார்க்காமலே சொல்வார். கெட்டவர் என்று நானும் நினைத்ததில்லை.

போன திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களின் நிர்வாகத்தைக் கட்சிக்காரர்கள் எப்படிக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்பது பாடம். கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளுக்குக் கட்சியின் வட்டாரத் தலைவர் குளிருக்கு நிலக்கரி கொடுப்பார், தெருக்கூட்டும் வேலை எடுத்துக் கொடுப்பார், செத்த வீட்டுக்கு முதல் ஆளாய் வருவார். பதிலுக்கு அவர்கள் வாக்குப் போடவேண்டும். அந்த வாக்கால் கிடைத்த நாற்காலியில் இருந்துகொண்டு மேலே உள்ளவர்கள் நகரத்தின் பணத்தை வாரினார்கள். நியூயோர்க்கில் ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்குச் சாந்து பூசியதாக எழுதிய பில்லைக் கேட்டாலே தலை சுற்றும். அதை நான் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்க, பாதி வகுப்பு தூங்கி வழிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு நினைத்தேன், வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நியூயோர்க் சாந்து எதற்கு?

"சரி, நம்மட ஊர்க்கணக்கில சொல்றன், கேளுங்க. வயல் வட்டைக்குப் போற றோட்டுக்கு நூறு லோட் கிறவல் மண் போட்டதெண்டு பில் எழுதுறாங்க. கொட்டினது நாப்பது லோட். மிச்சம் எங்க போன?"

வகுப்பு கொல்லென்று சிரித்து எழும்பி உட்கார்ந்தது. முன்வரிசையில் ஆர்த்திகா போனை உயர்த்திப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். இப்போதெல்லாம் குறிப்பெடுப்பது அப்படித்தான், ஒன்றும் சொல்லவில்லை.

அவள் அதை வகுப்புக் குழுவுக்கு மட்டும்தான் அனுப்பினாளாம். அங்கிருந்து யாரோ எடுத்து, அமெரிக்காவை வெட்டி எறிந்துவிட்டு, கிறவலை மட்டும் வைத்துக்கொண்டு, நல்லரத்தினத்தின் படத்தையும் ஒட்டி முகநூலில் போட்டுவிட்டார்கள். மொத்தம் பதினெட்டு விநாடி.

நான் வீட்டுக்குப் போனபோது சிவதர்ஷன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"ஆர் உனக்குச் சொன்ன?"

"என்னத்த?"

"நாப்பது லோட் எண்டு."

"ஒருத்தரும் சொல்லல்ல. சும்மா வாயில வந்தது."

"சும்மா வாறதுக்கு நாப்பதுதானா வரும்? பில்லில நூத்திருபது எழுதியிரிக்கு. நீ நூறு எண்டாய். கொட்டினது அச்சொட்டா நாப்பதுதான்!"

அப்போதுதான் நினைவு வந்தது. மார்ச் மாதம், அவருடைய சேட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சிகரட் பெட்டி மட்டை இருந்தது. டிப்பர் ஒவ்வொன்றாக வந்து கொட்ட, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டாக்குவது அவர் எண்ணுகிற விதம். மட்டையில் எட்டுக் கட்டு இருந்தது. மேசையில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீங்க அந்தப் பில்லுல கையெழுத்து வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எண்ணிக் குடுக்கிற ஆள். அமைய ஆக்கள்ற கையெழுத்து அதுக்குச் செல்லாது. நிரந்தர உத்தியோகத்தர் சரிபாத்து வெக்கணும். முந்தி இரிந்தவர் டிசம்பரோட ஓய்வில போயிட்டார். பில் இன்னும் கையெழுத்தில்லாமத்தான் கிடக்கு. பதினாலாந் திகதி கணக்காய்வுக்கு வாறாங்க. இந்த நேரத்தில நீ..." அவர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "நான்தான் காட்டிக்குடுத்த எண்டு தவிசாளர் நினைப்பார். முடிஞ்சுது புள்ள."

அதற்குப் பிறகு மூன்று நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சபையில் இவர் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறதாம். வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனார். போன் மணி அடித்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆர்த்திகா அழுது மன்னிப்புக் கேட்டாள். அவள் அழுது என்ன, விநாடி பதினெட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விளக்கம் எழுதிப் போடலாம் என்று நாலு தரம் எழுதினேன். 'நான் தவிசாளரைச் சொல்லவில்லை' என்று எழுதியதும், அதுவே அவரை விரலால் சுட்டுவதாக இருந்தது. நாலு தரமும் அழித்தேன். படித்த வாய் என்ற கொழுப்பில் என் புருசனின் பதினொரு வருடத்தைக் கொட்டிவிட்டேனே என்று என்னையே நான் வெறுத்தேன்.

நாலாம் நாள் நல்லரத்தினமே போன் எடுத்தார். "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வீட்ட வாங்க தம்பி." அவ்வளவுதான்.

போனோம். முற்றத்தில் வழக்கம்போல ஆட்கள் காத்திருந்தார்கள். தண்ணீர் இணைப்புக் கேட்டு ஒரு பெண், செத்த வீட்டுக்குக் கொட்டகை கேட்டு ஒருவர். எங்களை அவர்களுக்கு முன்னே கூப்பிட்டார்கள். அதற்கும் எனக்குப் பயமாக இருந்தது.

"தங்கச்சி அமெரிக்காவைப் பற்றிப் படிப்பிச்சீங்களாமே," என்றார் நல்லரத்தினம், சிரித்துக்கொண்டே.

"ஓம் ஐயா. நூத்தம்பது வருசத்துக்கு முந்தி நடந்தது. முழுப் பாடமும் இதில இரிக்கு." பாடக்குறிப்புக் கோப்பை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உண்மையாகவே வாசித்தார்.

"செத்த வீட்டுக்கும் போறவங்களா இவங்க?"

"ஓம் ஐயா."

"அந்தச் சனத்துக்கு வேற ஆரும் கரி குடுத்தாங்களா?"

"ஒருத்தரும் குடுக்கல்ல ஐயா."

"அதையும் பிள்ளையளுக்குச் சொல்லணும்." கோப்பை மூடினார். "பெரிய தலைவர் ஒருத்தரப் பற்றி எழுதியிரிக்கீங்க. கடைசியில அவருக்கு என்ன நடந்த?"

அவர் சிறையில் செத்தார். பக்கத்தில் சிவதர்ஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசு போய்ச் செத்தார் ஐயா," என்றேன்.

"எல்லாருக்கும் அதுதானே." வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, நீங்க ஒருக்கா உள்ள வாங்க."

அலுவலக அறையின் கதவு சாத்தப்பட்டது. அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சீனி போட்டிருந்ததா இல்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் கழித்துச் சிவதர்ஷன் வெளியே வந்தார். இரண்டு கையாலும் ஒரு கடிதத்தைப் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "நிரந்தரம் புள்ள," என்றார். நல்லரத்தினத்தை நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். மனதாரத்தான் கும்பிட்டேன்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தபடி கடிதத்தைப் பிரித்தேன். காற்றில் பறக்காமல் அவருடைய முதுகோடு சேர்த்துப் பிடித்து வாசித்தேன். பெயர், பதவி, சம்பளப் படி, எல்லாம் சரி. நியமனம் இந்த வருடம் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து செல்லுபடியாகும் என்று இருந்தது. அஞ்சு மாதச் சம்பளமும் சேர்த்து வரும் என்று முதலில் சந்தோசப்பட்டேன். பிறகுதான் மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது.

"நிப்பாட்டுங்க."

வாவியோரமாக நிறுத்தினார். அவர் இறங்கவில்லை.

"திகதியப் பாத்தீங்களா? ஜனவரியில இரிந்து நீங்க நிரந்தரமெண்டா, மார்ச்சில கொட்டின கிறவலுக்குக் கையெழுத்து வெக்கிற ஆள் நீங்கதான். பதினாலாந் திகதி வாறவங்க உங்களத்தான் பிடிப்பாங்க!"

"பாத்தனான்."

"அப்ப கடிதத்தத் திருப்பிக் குடுப்பம். அந்தப் பில்லுல கையெழுத்து வெக்காதீங்க."

"வெச்சிட்டன். உள்ள வெச்சு, நூத்திருபது லோட்டுக்கும் வெச்சிட்டன்."

அவர் வாவியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல எண்டு எத்தின தரம் சொன்னன். அவர் நம்பல்ல. அப்பிடியெண்டா வெச்சுக் காட்டுங்க தம்பி எண்டார். என்ட கையெழுத்தும் கிடந்தா, நான் வாய் திறக்கமாட்டன்தானே. வேற எப்பிடி நான் அவர நம்ப வெக்கிற?"

அழுதேன். றோட்டோரத்தில் நின்று, வருகிறவர் போகிறவர் பார்க்க, வாய்விட்டே அழுதேன். அவர் கடிதத்தை என் கையிலிருந்து எடுத்து, மடிப்புக் குலையாமல் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"ஏறு புள்ள. நிரந்தரத்துக்கு இண்டைக்குத்தான் முதல் நாள். பிந்தப்படாது."