யார் செய்த வண்டி

ஸுவைனா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமைப் போட்டியில், வண்டியைச் செய்தது யார் என்று மைக்கில் கேட்பார்கள் இல்லையா, அப்போது அவள் பெயரைச் சொல்ல வேண்டும். அவள் தம்பி ஹமூத் வாயிலிருந்த பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே "இன்ஷா அல்லாஹ்" என்றான். சாப்பிடும் முன் அவன் அதைச் சொன்னால் ஆகட்டும் என்று பொருள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னால் பேச்சை மாற்று என்று பொருள். முப்பத்துநாலு வருஷத்தில் ஸுவைனாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் நம்பினாள்.

வண்டி என்றதும் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் நீளம், பதினெட்டு கிலோ எடை, சோற்றுச் சட்டி அளவுக்குச் சக்கரங்கள். பேட்டரியில் ஓடுகிற ரிமோட் டிரக். பெட்டியிலிருந்து எடுத்த எடுப்பில் பிதியா ஊரின் மணல்மேட்டில் விட்டால் இரண்டு ஆள் உயரம் ஏறும், பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழும். பக்கத்து ஊரான இப்ராவில் ஒரு பெண்கள் பள்ளியின் அறிவியல் கூடத்தில் வேலை பார்க்கும் ஸுவைனா, மூன்று மாதம் மாலை தவறாமல் மாடியறையில் உட்கார்ந்து அதைக் கழற்றி மாட்டினாள். மூக்கு தூக்காமலிருக்க பேட்டரிகளை முன்னால் நகர்த்தினாள். மோட்டாரின் பல்சக்கரத்தை ஒரு அளவு சின்னதாக்கினாள். வேகம் கொஞ்சம் போனது, இழுவை வந்தது. பழைய கன்வேயர் பெல்ட்டைத் துண்டு போட்டு டயரைச் சுற்றித் துடுப்புகளாகத் தைத்தாள். அப்போது கோணி ஊசி உள்ளங்கையில் ஏறி நான்கு நாள் வீங்கிக் கிடந்தது. மோட்டாரின் விசிறிக்குள் மணல் போகக் கூடாதே என்று ஒரு நைலான் காலுறையை வெட்டி அதன் வாயில் கட்டினாள். யாருடைய காலுறை என்று ஹமூத் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வண்டியைத் தொட்டிருக்கமாட்டான்.

போட்டியில் ஓட்டப்போவது ஹமூத். அதில் அவளுக்குக் குறையில்லை. நூறு ஆண்கள் கூடி நிற்கிற மேட்டடியில் போய் நிற்க அவளுக்கும் விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, அஸர் தொழுகை முடிந்து கூட்டம் சேர்ந்தது. ஸுவைனா தன் லேண்ட் க்ரூசர் காரை எழுபது தப்படி தள்ளி, மேடு நேராகத் தெரிகிற மாதிரி நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். மற்ற வண்டிகளெல்லாம் பெட்ரோல். ஒவ்வொன்றும் ஊரைக் கூட்டிக்கொண்டு ஏறியது. ஹமூதின் வண்டி வந்ததும், மைக் பிடித்திருந்த டயர் கடை மஸ்ஊத் குனிந்து அதன் மேல் காதை வைத்தான்.

"ஹமூது, இது ஓடுற மெஷினா, துணி துவைக்கிற மெஷினா?"

"உங்களயெல்லாம் துவைக்கத்தான் கொண்டாந்திருக்கேன்."

"வாய் ஓடுது. வண்டி ஓடுதான்னு பாப்போம். ஆனா வேலைப்பாடு நல்லா இருக்கு தம்பி. யாரு செஞ்சது?"

ஸுவைனா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். ஒலிபெருக்கியில் ஹமூத் செருமுவது கேட்டது.

"நிஸ்வாவுல ஒரு பட்டறை."

பட்டறையாம். எந்தப் பட்டறைக்கு உள்ளங்கை வீங்கியதாம்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். போகவில்லை, வண்டி ஏறுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் சுற்றில் ஏறியது. இரண்டாம் சுற்றிலும் ஏறியது, ஆனால் இறங்கும்போது ஹமூத் அவசரப்பட்டு நான்கு முறை உருட்டிவிட்டான். கடைசிச் சுற்றுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, அவன் வண்டியைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு காருக்கு ஓடி வந்தான்.

"அக்கா, முன்சக்கரம் திரும்பமாட்டேங்குது."

"நிஸ்வாவுக்கு எடுத்துட்டுப் போ."

"அக்கா..."

"பட்டறைக்காரன் நல்லா செய்வான். மைக்லயே சொன்னாங்க."

ஹமூத் வண்டியைப் பின் சீட்டில் வைத்தான். "அத்தன ஆம்பளைங்க முன்னாடி உன் பேர எப்படிச் சொல்றது? நாளைக்கு கடைத்தெருவுல எவனாவது உன்னப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா?"

"திரும்பிப் பாப்பேன்."

"உனக்கு விளையாட்டா இருக்கு. மஸ்ஊது பொண்டாட்டி பேரு இந்த ஊர்ல எவனுக்காவது தெரியுமா?"

"அவ வண்டி செஞ்சாளா?"

கடைசிச் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கக் கூப்பிட்டார்கள், தப்பித்தோம் என்று ஓடினான்.

சக்கரத்தைத் திருப்புகிற நெம்புகோலின் பல் தேய்ந்திருந்தது. அவளிடம் மாற்று இருந்தது. நான்கு நிமிடத்தில் மாட்டினாள். வண்டியைச் சோதித்துப் பார்க்க அவள் மாடியில் வைத்து ஓட்டுகிற இன்னொரு ரிமோட் கருவிப்பெட்டியில் கிடந்தது. இந்த வண்டிகள் கடைசியாக எந்த ரிமோட்டோடு இணைக்கப்பட்டனவோ அதன் சொல்லைத்தான் கேட்கும். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு மூன்று விநாடி காத்திருந்தால் போதும், வண்டி இவள் ரிமோட்டுக்கு மாறிவிடும். ஸுவைனா ஒரு நிமிடம் முழுதாக யோசித்தாள். தம்பியைத் தலைகுனிய வைப்பது அவள் எண்ணமில்லை. அவன் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓட்டுவது போல் நடித்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. நடித்தால் நடிக்கட்டும். அப்படியானால் இவன் இவ்வளவுதான் என்று தெரிந்துபோகும். பொத்தானை அழுத்தினாள்.

"சரியாயிடுச்சு, தூக்கு," என்றாள் அவன் வந்ததும். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கொடி இறங்கியது. ஹமூத் விசையை அழுத்தினான், வண்டி அசையவில்லை. மறுபடி அழுத்தினான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தூரத்திலிருந்தே அவன் தோள் விறைப்பது தெரிந்தது. அப்போது வண்டி கிளம்பியது.

அவள் ஹமூதைப் போல நேரே விடவில்லை. காற்றடித்து மணல் இறுகியிருந்த இடது பக்கமாக ஒடித்து, விரலை விட்டு விட்டு அழுத்தி ஏற்றினாள். துடுப்புகள் மணலை வாரி இறைத்தன. பாதி மேடு ஏறும்வரை "ஹமூத், ஹமூத்" என்று கூட்டம் கத்தியது. அவன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். பிறகு மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், ரிமோட் கையிலேயே இருந்தது.

நடிக்கிறான், போச்சு என்று நினைத்தாள். ஆனாலும் விரல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஹமூத் குனிந்தான். ரிமோட்டை மணலில் வைத்தான். வெறுங்கையோடு நிமிர்ந்து நின்றான். வண்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"என்னப்பா, கீழ வெச்சுட்ட?" மஸ்ஊதுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப யாரு ஓட்டுறது?" மைக்கை அவன் வாயருகே நீட்டினான்.

அவன் காரின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"ஸுவைனா," என்றான் ஹமூத். "என் அக்கா. வண்டியச் செஞ்சதும் அவதான். நிஸ்வா பட்டறைன்னு நான் சொன்னது பொய்."

அவள் பெயர் மணல்மேட்டில் போய் மோதித் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் தவிர வெளி ஆண் யாரும் உரக்கச் சொல்லாத பெயர். அவள் விரல் தானாக நழுவியது. உச்சிக்கு ஐந்தாறு அடி கீழே வண்டி நின்றது. நூறு தலைகள் காரின் பக்கம் திரும்பின. வண்டி மெல்லப் பின்னால் சறுக்க ஆரம்பித்தது.

மஸ்ஊத் இரண்டு முறை தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"ஸுவைனா," என்றான் மைக்கில். "ஏங்க நிறுத்திட்டீங்க? சறுக்குது பாருங்க. அமுக்குங்க."

"எடதுபக்கம் ஒடிங்க ஸுவைனா, அங்கதான் மண்ணு கெட்டி," என்று கூட்டத்திலிருந்து இன்னொருவன் கத்தினான்.

"எனக்குத் தெரியாதா," என்று காருக்குள் முணுமுணுத்துக்கொண்டு அமுக்கினாள். கண் கலங்கியதில் உச்சி எது, வானம் எது என்று தெரியவில்லை. மஸ்ஊத் "ஏறிட்டாங்க" என்று மைக்கில் சொன்ன பிறகுதான் விரலை எடுத்தாள்.