பிரவீனா வீட்டு போர் தண்ணி

ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்து போச்சு. சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி. சேர்ந்ததுலேர்ந்து லீவு நாள்ல தெர்மாகோல் பெட்டியும் பாட்டிலுமா ஊர் ஊராத் திரியறேன். எங்கப்பா சாத்தூர்லேர்ந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவரு. "ஏ வீரலட்சுமி, தண்ணி பிடிக்கத்தானா பிள்ள இம்புட்டுப் படிச்ச?"ன்னு ஷிப்ட் முடிஞ்சு வந்து கேப்பாரு. பதில் சொல்லக்கூட தெம்பிருக்காது. கவுந்தடிச்சுப் படுத்துருவேன்.

கெலவரப்பள்ளி டேமுக்குக் கீழ, ஆத்துல கழிவு நுரை நுரையாப் பொங்கி வர்ற கரையோரத்து ஊருங்கள்ல போர் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கறதுதான் ப்ராஜெக்ட். நானும் கூடப் படிக்கற பிரவீனாவும் சேர்ந்து பண்றோம். அவளே அந்த ஊருங்கள்ல ஒண்ணச் சேர்ந்தவதான், வெவசாயக் குடும்பம். அதனால அவ வீட்டுத் தண்ணிய அவளே வாராவாரம் பிடிச்சுட்டு வந்துருவா. மத்த வீடுங்களுக்கு நான் அலைவேன். நாய்க்கும் பயப்படணும், நாய்க்காரங்களுக்கும் பயப்படணும்.

போன வெள்ளிக்கிழமை எங்க கைடு ஜெயமணி மேடம் ரிசல்ட்டப் பாத்துட்டு மூக்குக்கண்ணாடியக் கழட்டினாங்க.

"சுத்தி இருக்கற எல்லா வீட்டுத் தண்ணியிலயும் உப்பு எகிறிக் கெடக்கு. நடுவுல இவ வீட்டுல மட்டும் என்ன, காவேரியா ஓடுது? நீயே நேர்ல போய்ப் பிடி. திங்கக்கிழமை அந்தத் தண்ணி இங்க வரலைன்னா ரெண்டு பேருக்கும் ப்ராஜெக்ட் கெடையாது, பாத்துக்கோ."

பிரவீனா அன்னைக்கு லீவு. போன் அடிச்சு அடிச்சு என் விரல்தான் தேஞ்சுது. சரி, சனியன் போய்த் தொலையட்டும்னு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிட்டேன்.

வாசல்ல கர்நாடகா நம்பர் கார் ரெண்டு நின்னுச்சு. உள்ள ஒரே பேச்சுச் சத்தம். பின்பக்கமா மோட்டார் ரூமுக்குப் போனா, பட்டுப்புடவையும் தலை நெறைய மல்லியுமா பிரவீனா ஓடி வர்றா.

"அய்யோ, இன்னைக்கா வருவ? என்னப் பொண்ணு பாக்க வந்திருக்காங்கடி!"

"வாழ்த்துக்கள். மோட்டாரப் போடு, பிடிச்சுட்டுப் போயிடறேன்."

அவ மோட்டார் போடல. புடவைத் தலைப்பத் திருகிட்டே நின்னா. அப்புறம் சொன்னா, இத்தன நாளா குடுத்தது போர் தண்ணியே இல்லையாம். கேன் தண்ணியாம். அவங்கம்மா சென்னம்மாள்தான் பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்களாம்.

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பெட்டியாலயே ஒண்ணு போட்டிருப்பேன். "ஏண்டி, நீயும்தானே படிக்கற? மனசாட்சி வேணாம்?"

"ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு வீரா. நுரை ஊருப் பொண்ணு, அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவ, நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. இதுல எங்க வீட்டுப் பேரப் போட்டு நம்பரோட காலேஜ்ல எழுதி வெச்சா?" அவ கண்ணு கலங்கிருச்சு. "இவர எனக்குப் பிடிச்சிருக்குடி. அவங்க போற வரைக்கும் வாயத் தொறக்காத. உன் கால்ல வேணா விழறேன்."

மோட்டார் போட்டா. தண்ணி மஞ்சளா, குப்புன்னு நாத்தத்தோட வந்துச்சு. பிடிச்சேன். நழுவலாம்னு பாத்தா சென்னம்மாள் அம்மா கையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டாங்க. நல்ல காரியம் நடக்கற வீட்டுலேர்ந்து சாப்புடாமப் போகக் கூடாதாம். நடுக்கூடத்துல பெட்டிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தேன்.

மாப்பிள்ளையோட அப்பா கங்கப்பன் பெட்டியப் பாத்தாரு. "என்னம்மா, ஐஸ்கிரீமா?"

"இல்லைங்க, தண்ணி டெஸ்ட்டுக்கு..." சொன்னப்புறந்தான் நாக்கக் கடிச்சேன்.

"ஓ, அந்தப் படிப்பா! அப்ப சொல்லு, இந்த வீட்டுத் தண்ணி எப்படி?"

காபித் தட்டோட பிரவீனா கதவுகிட்ட நின்னுட்டா. சென்னம்மாள் அம்மா மொகத்தப் பாக்க முடியல, அப்படி ஒரு கெஞ்சல். நல்லாருக்குங்கன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. ஆனா பொய் சொல்லவும் தெம்பு வேணும்ல? எனக்கு அது இல்ல. அலுத்துப் போயிருந்தேன்.

"குடிக்க முடியாதுங்க"ன்னேன். "இவங்க கேன் தண்ணிதான் குடிக்கறாங்க."

பாவி, ஒரு கல்யாணத்தக் கெடுத்துட்டியேன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன்.

மாப்பிள்ளையோட அம்மா கெம்பம்மாதான் கன்னடம் கலந்த தமிழ்ல ஆரம்பிச்சாங்க. "அதுக்கென்ன? நாங்களும் கேன்தான். ஆறு எங்க பக்கத்துலேர்ந்துதானே இங்க வருது? நுரையும் அங்கேர்ந்துதான் வருது. எங்க போர் தண்ணிய மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது."

எல்லாரும் சிரிச்சாங்க. சென்னம்மாள் அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல பொண்ணுக்குப் பூ வெச்சாச்சு, கேசரி வந்தாச்சு. உண்மையச் சொல்லியும் ஒண்ணும் குடிமுழுகலையே, எல்லா ஊர்லயும் இப்படிச் சொல்லிட்டா எவ்வளவு நல்லாருக்கும்னுகூட நெனச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் படிப்பு மேல ஒரு ஆச வந்துச்சு.

கார்ல ஏறப்போன கெம்பம்மா, கேட்டுகிட்ட நின்ன என்னையும் பிரவீனாவையும் பாத்துட்டுத் திரும்பி வந்தாங்க.

"எங்க வீட்டுத் தண்ணியும் ஒரு தடவ பாத்துக் குடும்மா. என்னதான் கலந்திருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்."

"கண்டிப்பாங்கம்மா. ஊரு, வீட்டுப் பேரெல்லாம் போட்டுத்தான் எழுதணும், பரவால்லையா?"

"அய்யய்யோ, எங்க ஊருப் பேரு வேண்டாம். எனக்கு இன்னொரு பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கா." கெம்பம்மா பிரவீனா தோள்ல அன்பாத்தான் கை போட்டாங்க. "இந்த ஊருப் பேரையே போட்டுக்கோ. இதுக்குத்தான் எப்பவோ பேரு கெட்டுப்போச்சே."

நான் பிரவீனாவப் பாத்தேன்.

"சரிங்கத்தே"ன்னா அவ.