மேட்டுக் குழி

கடப்பாரை மூன்றாவது முறையும் ‘ணங்’கென்று எகிறியது. குழிக்குள்ளிருந்த சின்னப்பா நிமிர்ந்தான். குழி அவன் இடுப்பைக்கூடத் தொடவில்லை.

“பண்டெ, சாமி” என்றான் கன்னடத்தில். “முழுப் பாறை.”

கோதண்டராமன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைத் துண்டு. ஐம்பது வருஷமாக அது இல்லாமல் அவர் வாசற்படி தாண்டியதில்லை.

“தள்ளிக் குத்திப் பாரு.”

“எங்க குத்தினாலும் இதேதான். உங்களுக்குத் தெரியாததா?”

அவருக்குத் தெரியும். நாலடி தள்ளி அப்பாவின் சமாதி, இடுகாட்டிலேயே உயரமான சிமெண்ட் மேடையாக நின்றது. பதினோரு வருஷத்துக்கு முன் அங்கேயும் மூன்றடியில் கடப்பாரை எகிறியது. “ஆறடி” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, நாய் தோண்டாமலிருக்க மறுநாளே மேடை எழுப்பினார். அவர்கள் குடியிருக்கும் ஜோகுபாளையத்தில் அதையும் பெருமையாகத்தான் பேசினார்கள்.

தம்பி ரவிக்குமார் மட்டும் அன்று மேடையைச் சுற்றி வந்தான். பாறைகளை ஆராயும் அலுவலகம் ஒன்றில் கல்லைக் காகிதம்போலச் சீவித் தருகிற வேலை அவனுக்கு.

“நான்தான் சொன்னேனே அண்ணா. மேடுன்னா அடியில பாறை நிக்குதுன்னு அர்த்தம். நம்ம ஊர்க் கல்லுக்கு முந்நூறு கோடி வயசு. மழை அதைக் கொஞ்சங்கொஞ்சமா கரைச்சு, மண்ணையெல்லாம் பள்ளத்துல கொண்டுபோய்ப் போட்டிருக்கு. அப்பாவை அங்க வெச்சிருக்கலாம். நெஜமா சொல்லு, எத்தனை அடி?”

“கல்லு அறுக்கிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா? கண்டவன் காலடித் தண்ணி ஓடுற பள்ளத்துல எங்கப்பா படுக்கணுமா?”

அன்றோடு பேச்சு நின்றது. முப்பது வருஷம் மூச்சோடு போன கல்தூள் நுரையீரலில் படிந்து படிந்து அவனை இருமவைத்தது. கடைசி மாதங்களில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினான் என்று கேள்வி. கோதண்டராமன் போய்ப் பார்க்கவில்லை. அவனே வரட்டும் என்றிருந்தார். இன்று வேனில் வந்திருந்தான்.

தம்பி மகன் பரத் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தான்.

“பெரியப்பா, வேன்காரன் கத்துறான். இன்னும் எவ்வளவு நேரம்?”

கீழே மரத்தடியில் யாரோ, “பெரிய குடும்பம்பா, குழி வெட்டவும் முகூர்த்தம் பார்க்கிறாங்க” என்றார்கள். இரண்டு பேர் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

பரத் இறங்கிப் போனதும் சின்னப்பா குரலைத் தாழ்த்தினான். “அன்னிக்கு மாதிரியே மூணடியில வெச்சு மேல மேடை கட்டிடலாமா? நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோதண்டராமன் சரிவில் இறங்கினார்.

தம்பி மனைவி சரளா வேனின் படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் நிழல் விழுந்தும் நிமிரவில்லை.

“எத்தனை அடி, மாமா?”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது.

“மூணு” என்றார். சற்றுப் பொறுத்து, “அப்பாவுக்கும் மூணுதான்.”

“தெரியும். அவரு சொன்னாரு.”

கோதண்டராமன் மேட்டுப் பக்கம் திரும்பினார்.

“சின்னப்பா!” என்று கூவினார். “கீழ வா. பள்ளத்துல வெட்டு.”

பள்ளத்தில் மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. பழுப்பும் வெள்ளையுமாக, நடுவே மினுக்கும் துகளோடு, மண் பொலபொலவென்று வந்தது. ஒரு மணி நேரத்தில் சின்னப்பாவின் தலை தரைக்குக் கீழே மறைந்தது. ஆறடிக்குப் பிறகும் மண்தான். ரவிக்குமாரை இறக்கினார்கள். பிடி மண்ணைப் போடும்போது கோதண்டராமனின் விரல்கள் விரிய மறுத்தன. பரத் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

எல்லோரும் கை கால் கழுவக் குழாயடிக்குப் போனபின், சின்னப்பா தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“மேல வெட்டின குழி தெறந்து கெடக்குது. வெறுங்குழிய மூடக்கூடாது சாமி, அடுத்த ஆளைக் கேக்கும். வாழைக்கட்டையோ பூசணிக்காயோ ஏதாச்சும் உள்ள போடணும்.”

“கடை எங்க இருக்கு இங்க?”

“இல்லியே.”

கோதண்டராமன் மறுபடி சரிவில் ஏறினார். குழிக்குள் பாறை ஈரமாகத் தெரிந்தது. அத்தனை குத்துக்கும் அதில் நாலைந்து வெள்ளைக் கீறல்தான். தோளிலிருந்து துண்டை எடுத்தார். மடிப்பு கலையாமல் நாலாக மடித்து, முட்டி போட்டுக் குனிந்து, கீறல்கள்மேல் வைத்தார்.

சின்னப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் மண்ணை இழுத்துவிட்டான். மூன்றடியை நிரப்ப நேரமே ஆகவில்லை.